உவர் வயலுக்கு எந்தப் பாசி?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் சாலைக் கடைத்தெருவில், ஆரியசாலைப் பக்கம் நடந்தால் அரிசியின் பெயரே அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும். பாலக்காட்டு மட்ட அரிசி, ஆந்திரத்து ஜெயா, தமிழ்நாட்டுப் பொன்னி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் இந்தச் சந்தையை அமைத்த காலத்தில், திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய நாஞ்சில் நாடு பக்கத்திலேயே இருந்தது. இன்று கேரளம் தனக்கு வேண்டிய அரிசியில் சிறு பங்கைத்தான் தானே விளைவிக்கிறது. வயல்கள் மனைகளானது, ஆள் கிடைக்காதது, விலை கட்டாதது என்று காரணங்கள் பலவும் பேசப்படுகின்றன. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: உப்பு.

நாஞ்சில் வயல்களுக்கு நீர் தரும் பழையாறு மணக்குடியில் கடலைத் தொடுகிறது. குட்டநாட்டின் வயல்கள் கடல் மட்டத்துக்கு 0.6 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரை கீழே கிடக்கின்றன. எர்ணாகுளத்துப் பொக்காளி நிலங்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் வரப்பு வரைக்கும் வருகின்றன. கோடையில் ஆற்றில் நீர் வரத்துக் குறைந்தால் உப்புநீர் காயல் வழியே மேலேறும். அதற்கு மருந்தாக ஓருமுட்டு என்ற தற்காலிகத் தடுப்பு கட்டுகிறார்கள், ஷட்டர் போடுகிறார்கள், ஜிப்சம் இடச் சொல்கிறார்கள், உப்பு தாங்கும் விதை தேடுகிறார்கள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் வயலில் நிற்கும் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் ஒரு சிறு உயிரை இந்தத் திட்டங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. எடுத்தாலும், நன்னீர் வயலில் அது எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே உவர் வயலிலும் நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பெரிய பிழை. கடலோர வயலுக்கென்று தனிப் பாசி வேண்டும். அதை அந்தந்த உவர் வயலிலிருந்தே எடுத்து வளர்க்க வேண்டும்.

நெல் விவசாயிகள் நீலப்பச்சைப்பாசி என்று அழைப்பதைத்தான் அறிவியலார் சயனோபாக்டீரியா என்கிறார்கள். பெயரில் பாசி இருந்தாலும் அது பாக்டீரியா இனம். நெல்வயல் தன் மண்வளத்தை ஆண்டுக்கணக்கில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்விக்கு, அதற்குக் காரணம் இந்த உயிர்கள்தான் என்று 1939-இல் பி. கே. டே விடை சொன்னார். அடுத்த ஆண்டே, 1940-இல், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நீலப்பச்சைப்பாசிகளைப் பற்றி பாருக்குட்டி எழுதிய ஆய்வு இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் வெளிவந்தது. 1950-இல் ஆர். என். சிங் வட இந்தியாவின் களர் நிலங்களை இந்தப் பாசியைக் கொண்டு திருத்தலாம் என்று எழுதினார். 1959-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி வெளியிட்ட 'சயனோஃபைட்டா' என்ற நூலை, பாசியின் இனம் காண உலகம் முழுக்க இன்றும் புரட்டுகிறார்கள். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. எஸ். வெங்கட்ராமன் இதை உழவர் கைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, நடவு செய்து பத்து நாள் கழித்து ஹெக்டேருக்குப் பத்து கிலோ உலர்ந்த பாசித் தூளை வயலில் தூவி, மெல்லிய அளவில் தண்ணீர் நிறுத்த வேண்டும்.

இவ்வளவு நீண்ட மரபு நமக்கு இருக்கிறது. ஆனால் தூவிய பாசி வயலில் என்ன சாப்பிடும், எப்படிச் சாப்பிடும் என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. உவர் வயலில் எல்லாமே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

நன்னீரில் வளர்ந்த ஒரு பாசி இழை உப்புநீரில் விழுந்தால் முதலில் அதன் உடலிலுள்ள தண்ணீர் வெளியே இழுக்கப்படும். அதைத் தடுக்க, செல் தனக்குள் சில கரைபொருள்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்னீர் இனங்கள் சுக்ரோஸ், ட்ரிஹாலோஸ் என்ற சர்க்கரைகளைச் செய்துகொள்கின்றன. கடல்நீர் அளவு உப்பில் வாழும் பல இனங்கள் குளுக்கோசில்கிளிசரால் செய்கின்றன. அதையும் மிஞ்சிய உப்பில் வாழ்பவை கிளைசின் பீட்டெய்ன் செய்கின்றன. ஒளிச்சேர்க்கையில் சம்பாதித்த கார்பனின் ஒரு பங்கு, உடல் வளர்வதற்குப் போகாமல் இந்தத் தற்காப்புக்கே போய்விடுகிறது. கிளைசின் பீட்டெய்னில் நைட்ரஜனும் இருப்பதால், கடும் உப்பைத் தாங்கும் இனம் அந்தத் தாங்குதிறனுக்கு நைட்ரஜனையும் விலையாகத் தர வேண்டியிருக்கிறது.

இன்னும் சிக்கலான விவகாரம் சோடியம். அதை வெறும் நஞ்சு என்று ஒதுக்கிவிட முடியாது. நீலப்பச்சைப்பாசிக்குச் சோடியம் கொஞ்சமாவது இருந்தே ஆக வேண்டும் என்பது 1955-இலேயே, ஆலன், ஆர்னன் இருவரின் ஆய்வில் தெரியவந்தது. காரணம் பின்னால் விளங்கியது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டை உள்ளே இழுக்கும் புரதங்கள் சில, சோடியத்தையும் கூடவே சேர்த்துக்கொண்டுதான் இழுக்கின்றன. வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு என்ற அந்த ஏற்றத்தாழ்வே உணவை உள்ளே தள்ளும் விசை. பல இனங்களில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உள்ளே போவதற்குக்கூடச் சோடியம் தேவைப்படுகிறது. ஆனால் உணவோடு உள்ளே வந்த சோடியத்தை உடனே வெளியேற்றவும் வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். உவர் நீரில் வெளியே சோடியம் மலிந்து கிடப்பதால், உப்பு தாங்காத இனத்தில் அது பல வழியாகவும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். வெளியேற்றி மாளாது. காற்றிலிருந்து ஒரு நைட்ரஜன் மூலக்கூறை எடுத்து அமோனியாவாக்குவதற்கே குறைந்தது 16 ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயம் செலவாகிறது. சோடியத்தோடு மல்லுக்கட்டும் செல்லுக்கு அந்த ஆற்றல் மிஞ்சாது. அப்போது தண்ணீரில் பச்சை தெரிந்தாலும் பயிருக்கு வந்து சேரும் நைட்ரஜன் ஒன்றுமில்லை என்றாகிவிடும். வெளிப்பார்வைக்குப் பாசி நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும் இந்த நிலையே உழவரை ஏமாற்றுகிறது.

உப்புநீரில் இன்னொரு தட்டுப்பாடும் உண்டு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினம் என்ற உலோகம் வேண்டும். கடல்நீரில் அது போதிய அளவில்தான் கரைந்திருக்கிறது. ஆனால் அங்கே ஒரு மாலிப்டேட் அயனிக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சல்பேட் அயனிகள் இருக்கின்றன. இரண்டின் உருவமும் ஏறக்குறைய ஒன்று. விழா நாளில் சாலைத் தெருவின் குறுகலான கடைவாசலில் கூட்டம் நெருக்கும்போது, ஒரே ஒரு பொருளுக்காக வந்தவர் உள்ளே நுழைய முடியாமல் நிற்பதுபோல, சல்பேட்டின் நெருக்கடியில் மாலிப்டேட் வெளியே நின்றுவிடுகிறது. ராபர்ட் ஹோவர்த்தும் ஜொனாதன் கோலும் 1985-இல் இதை எடுத்துக்காட்டினார்கள். உவர் நீரில் ஒரு சத்து இருக்கிறதா என்று மட்டும் மண் பரிசோதனையில் பார்த்தால் போதாது; அது செல்லுக்குள் நுழைய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் இந்தியாவுக்கென்று சொந்தமாக ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அது இன்னும் பலர் கண்ணில் படாதது வருத்தத்துக்குரியது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்ரீகுமார் ஆப்தே, ஜோசப் தாமஸ் ஆகியோரின் குழு அனபீனா என்ற நீலப்பச்சைப்பாசியின் இரண்டு இனங்களை ஒப்பிட்டது. ஒன்று உவர் நீரில் வாழும் அனபீனா டொருலோசா. மற்றது எல்-31 என்ற நன்னீர் வகை. உப்பு தாங்கும் இனம் சோடியத்தைத் தனக்குள் கட்டுமீறி நுழைய விடுவதில்லை. தாங்காத இனத்தில் சோடியம் ஏறிக் குவிகிறது. அதைவிட வியப்பானது 1989-இல் வெளியான முடிவு. நைட்ரேட்டோ அமோனியமோ தண்ணீரில் சேர்ந்தபோது பாசியின் உப்புத் தாங்குதிறன் கூடியது. அவை சோடியம் உள்ளே வருவதையே குறைத்தன. சத்து கிடைப்பதும் உப்பைத் தாங்குவதும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யூரியா மூட்டையைத் தூக்கினால் காரியம் கெட்டுவிடும். தண்ணீரில் அமோனியம் தாராளமாகக் கிடைத்தால் அனபீனா நைட்ரஜன் பிடிக்கும் வேலையையே நிறுத்திவிடும். அந்த வேலைக்கென்று இழையில் ஆங்காங்கே உருவாகும் தடித்த சுவர்கொண்ட ஹெட்டிரோசிஸ்ட் செல்கள் உருவாகாமலே போகும். பாசி பிழைத்துக்கொள்ளும், நாம் எதற்காக அதைத் தூவினோமோ அது நடக்காது. எனவே உவர் வயலில் உரத்தின் அளவும் நேரமும் நன்னீர் வயலின் அட்டவணைப்படி இருக்க முடியாது. எப்போது, எவ்வளவு என்பதை அந்த வயலிலேயே சோதித்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனையை உழவர் தலையில் கட்டக்கூடாது. வேளாண் துறை செய்து காட்ட வேண்டும்.

அதே மும்பைக் குழு 1997-இல் கடலோர உவர் மண்ணில் அனபீனா டொருலோசாவை வளர்த்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. கொங்கணக் கரையில் கார்லேண்ட் என்று அழைக்கப்படும் அந்த மண்ணில் பாசி வளர்ந்தது, நைட்ரஜனைப் பிடித்தது, மண்ணின் நைட்ரஜன் அளவையும் உயர்த்தியது. மண்ணிலுள்ள உப்பை அது நிரந்தரமாக எடுத்துவிடுமா? எடுக்காது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பாசி செத்து மக்கும்போது அது பிடித்துவைத்த சோடியம் மறுபடி மண்ணுக்கே போய்விடும். பயிர் நிற்கும் காலத்தில் பாசியும் உயிரோடு கூடவே வளர்ந்தால், அந்த நாள்களில் பயிருக்கு உப்பின் தாக்கம் குறையலாம், நைட்ரஜனும் கிடைக்கும் என்பதே அவர்கள் சொன்னது. உயிர் உரங்களைப் பற்றி ஊதிப் பெருக்கிய விளம்பரங்கள் வரும் காலத்தில் இந்த நேர்மை மிகவும் மதிக்கத்தக்கது. களர் போக்கும் பாசி, ஒரே தூவலில் உப்பு நீங்கும் என்றெல்லாம் யாராவது விற்றால் உழவர்கள் வாங்கக்கூடாது.

பொக்காளி வயலைப் பார்த்தால் இந்தப் பேச்சு எவ்வளவு உயிருள்ளது என்று தெரியும். தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவிய பிறகு ஜூனில் பயிர் தொடங்கும். மண்ணைச் சிறு கூம்புகளாகக் கூட்டி வைத்திருப்பார்கள். மழை அந்தக் கூம்புகளின் உப்பை இறக்கிவிட, அவற்றின் மேலேயே முளைகட்டிய விதையைப் போடுவார்கள். நாற்று வளர்ந்ததும் கூம்பை உடைத்துப் பரப்புவார்கள். அறுவடையில் கதிரை மட்டும் அறுத்து, தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு உப்புநீரை உள்ளே விட்டு இறால் வளர்ப்பு. தாள் மக்குகிறது, அதில் நுண்ணுயிர் பெருகுகிறது, இறால் அதைத் தின்கிறது, இறாலின் கழிவு அடுத்த பயிருக்கு எருவாகிறது. ரசாயன உரம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்த முறை இது.

பொக்காளியின் விதை இன்று உலகப் புகழ் பெற்றது. சால்டால் என்று பெயரிடப்பட்ட, உப்பைத் தாங்கவைக்கும் மரபணுப் பகுதி பொக்காளியிலிருந்து கிடைத்ததுதான். அதைப் பல நாட்டு நெல் வகைகளில் ஏற்றியிருக்கிறார்கள். வைற்றிலயிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் பொக்காளி நிலத்துக்கென்றே வகைகளை வெளியிட்டது. புவிசார் குறியீடும் கிடைத்தது. விதைக்குக் கிடைத்த இந்த மரியாதையில் கால்பங்காவது அதே வயலின் தண்ணீரில் வாழும் உயிர்களுக்குக் கிடைக்க வேண்டாமா? உப்பு ஏறுவதும் இறங்குவதுமான ஓராண்டுச் சுழற்சியைப் பல நூறு ஆண்டுகளாகப் பார்த்துவந்த பாசிகள் அங்கே இருக்கின்றன. நிலம் தரிசாகி, இறால் மட்டும் வளர்க்கும் பண்ணையாகி, கடைசியில் மண் நிரப்பப்பட்டுக் கட்டடமாகும்போது நெல்லோடு சேர்ந்து அவையும் போகின்றன. விதையையாவது பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம்.

பாசியை எடுத்து வைக்க வழியில்லாமல் இல்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மத்திய உயிர்த் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு 1991-இல் கடல் சயனோபாக்டீரியாவுக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் ஜி. சுப்ரமணியன் முன்னின்று வளர்த்த அந்த மையம், இந்தியக் கரையோரங்களிலிருந்து சேகரித்த இனங்களைக் காத்துவைக்கிறது. கடல்நீரில் வாழும் பாசியைப் பிரித்து, வளர்த்து, பெயரிட்டுப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். அந்த அறிவு நாகப்பட்டினத்து வயலுக்கும் ஆலப்புழையில் பாடசேகரம் எனப்படும் வயல்தொகுதிக்கும் போய்ச் சேரும் பாதைதான் போடப்படவில்லை.

உப்பில் பாசி சத்தைப் பிடிப்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் உப்பளத்துக்குப் போகலாம். குமரி மாவட்டத்துப் புத்தளத்திலும், தூத்துக்குடியிலும் கடல்நீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, அதன் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விளையும். பல நாட்டு உப்பளங்களில் கவனித்திருக்கிறார்கள்: முதல் பாத்திகளின் தரையில் மைக்ரோகோலியஸ் போன்ற இழைப் பாசிகள் தோல்போல் படர்கின்றன. கடல்நீரோடு வந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அந்தத் தோல் பிடித்துவைத்துக்கொள்ளும். நீர் தரைக்குள் கசிவதையும் குறைக்கும். கடைசிப் பாத்திக்குத் தெளிந்த நீர் போகும். சத்து மிகுதியாகி நிலை குலைந்தால் வேறொரு வகை தலையெடுக்கும். அஃபனோதீகே என்ற அந்த வகை கொழகொழவென்று பிசினைக் கக்கி நீரைத் தடிக்கவைத்து, உப்பின் தரத்தைக் கெடுத்துவிடும். உப்பு ஒன்றே, வெயில் ஒன்றே. நீரில் சத்து எவ்வளவு என்பதுதான் எந்தப் பாசி ஆளும் என்று முடிவு செய்கிறது.

பாசியைத் தூவிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும் உழவர்களின் குறையையும் கேட்டாக வேண்டும். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக பியர் ரோஜரும் இலங்கையின் எஸ். ஏ. குலசூரியவும் 1980-இல் எழுதிய நூல் இந்தத் துறையின் ஆழமான தொகுப்பு. ரோஜரும் கூட்டாளிகளும் தொடர்ந்து செய்த ஆய்வுகளில், வெளியிலிருந்து கொண்டுவந்து தூவிய இனங்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை, வயலின் சொந்தப் பாசியே மேலோங்குகிறது என்று தெரிந்தது. நத்தையும் நீர்ப்பூச்சிகளும் பாசியை மேய்ந்துவிடுகின்றன. பாஸ்பரஸ் போதாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மேயும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேப்பங்கொட்டையைப் பயன்படுத்தலாம் என்றும் அங்கே சோதித்துக் காட்டினார்கள். நன்னீர் வயலிலேயே அயலூர்ப் பாசி நிற்பதில்லை என்றால், உப்பு ஏறி இறங்கும் வயலில் அது எப்படி நிற்கும்? பாசியால் பயனில்லை என்று இதை வைத்து முடிவு கட்டுவது அவசரம். ஊர்ப் பாசியை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற வாதத்துக்கே இது வலு சேர்க்கிறது.

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். உவர் நீரில் செழிக்கும் எல்லாப் பாசியும் நல்லதல்ல. 1878-இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் நோடுலேரியா என்ற நைட்ரஜன் பிடிக்கும் இனம் பெருகி, அந்த நீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் பதிவு செய்தார். பால்டிக் கடலில் அதே இனம் இன்றும் கோடைதோறும் படர்கிறது. ஆகவே வயலில் விடும் எந்த இனத்துக்கும் நச்சுச் சோதனை கட்டாயம். இறாலும் மீனும் வளரும் பொக்காளியில் இது இரட்டிப்பு அவசியம். ஆரியசாலைக்கு அருகே ஓடும் கிள்ளியாறு, கரமனையாற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. நகரம் அதில் கொட்டும் கழிவின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கழிமுகத்தின் உவர் நீரில் யாருக்கு உணவாகின்றன என்பதையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும். வயலில் சத்துப் பஞ்சம், கழிமுகத்தில் சத்து வெள்ளம் என்று இரண்டையும் ஒரே கடற்கரையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியதற்குப் பெரிய கட்டடமோ புதிய வாரியமோ வேண்டியதில்லை. வெள்ளாயணி வேளாண் கல்லூரி, காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை, வைற்றில நெல் நிலையம், திருச்சி மையம் ஆகிய நான்கும் ஒரு திட்டத்தில் கைகோத்தால் போதும். பொக்காளி, வட கேரளத்தின் கைப்பாடு, குட்டநாடு, மணக்குடி, வேதாரண்யம் ஆகிய இடங்களின் வயல் நீரை உப்பு கூடிய மாதத்திலும் குறைந்த மாதத்திலும் எடுத்து, அதிலுள்ள இனங்களைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு உப்பில் வளர்கிறது என்று மட்டும் அளந்து நிறுத்திவிடக் கூடாது. அந்த உப்பில் நைட்ரஜனைப் பிடிக்கிறதா, பாஸ்பேட்டை எடுக்க முடிகிறதா என்றும் அளக்க வேண்டும். உழவருக்கு விற்கும் பொட்டலத்தின் மேல் இனத்தின் பெயர், எந்த வயலிலிருந்து எடுத்தது, எந்த அளவு உப்பு வரைக்கும் நைட்ரஜன் பிடிக்கும் என்ற மூன்றையும் அச்சிட வேண்டும். இவை இல்லாத பொட்டலத்துக்கு அரசு மானியம் தரக்கூடாது.

வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே நிற்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்கள் டிசம்பர் நடுவில் மூடப்படுவது வழக்கம். மூடுவதற்கு முன் காயலிலும் வயலிலும் உப்பு எவ்வளவு, மூடிய பின் எவ்வளவு என்பதைப் பொறியாளர்களும் உழவர்களும் ஏற்கெனவே கவனித்துவருகிறார்கள். அந்த நாள்களிலேயே வயல் நீரிலிருந்து இரண்டு போத்தல் கூடுதலாக எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், வரும் பருவத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.